முதல் ஓட்டம் கணக்கில் இல்லை

அலுவலகத்தில் அவளுக்கு ‘வினாடி’ என்று பெயர். வைத்தவன் பக்கத்து மேசைத் தாடிக்காரன். லிஃப்ட் கீழிருந்து மேலே வர எத்தனை வினாடி, குடிதண்ணீர்க் குழாயில் ஒரு தம்ளர் நிறைய எத்தனை வினாடி, “ரெண்டே வார்த்தை சொல்லிடறேன்” என்று ஆரம்பித்த மேனேஜர் உண்மையில் எத்தனை நிமிடம் பேசினார், எல்லாம் அவள் கைவசம் இருக்கும். கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்வாள்.

வயது நாற்பத்தாறு. கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். வீட்டில் இரண்டு பேருமே அளக்கிறவர்கள் என்பதால் பேச்சுக்கு மட்டும் அளவே இல்லை என்று அவள் தங்கை கேலி செய்வாள். தங்கை அதே கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன்.

வினாடியின் நிறுவனம் செய்து விற்றதும் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள்தான். ஆனால் வினாடி அந்த மென்பொருளில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதை எழுதுகிறவர்களுக்கு வேண்டிய கருவிகளை அவள் எழுதினாள். எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் ஒரு கருவி, நினைவகம் எங்கே வீணாகிறது என்று தேடும் இன்னொன்று. சமையல்காரர்களுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கிற வேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் செய்தவற்றில் பெரியது அளவை மேடை. பெயர்தான் மேடை, அறை மூலையில் ஜன்னலுக்குக் கீழே தனியாக நிற்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். புதிதாக எழுதிய எதுவும் வெளியே போவதற்கு முன் அதில் ஓடிக் காட்ட வேண்டும். பதினோரு முறை ஓடும். முதல் முறையைத் தள்ளிவிட்டு, மீதிப் பத்தின் சராசரியை எடுத்துத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் இருக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். பன்னிரண்டு வருடப் புள்ளிகள். தொடக்கத்தில் ஏழு வினாடி. வளைந்து வளைந்து இறங்கி இப்போது இரண்டு.

முதல் முறையை ஏன் தள்ள வேண்டும்? அந்த விதியை எழுதியதும் வினாடிதான். மேடை வைத்த புதிதில் முதல் ஓட்டம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு நாள் முப்பத்தெட்டு, மறுநாள் நாற்பத்தைந்து, அதற்கடுத்த நாள் முப்பது. இரண்டாவது ஓட்டத்திலிருந்து நல்ல பிள்ளையாக ஒரே எண்ணைத் தரும். வண்டி எடுத்ததும் கொஞ்ச நேரம் இருமத்தானே செய்யும், அதை வைத்து வண்டியை எடைபோடலாமா என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது. ‘முதல் ஓட்டம் கணக்கில் இல்லை’ என்று தட்டச்சு செய்து மேடைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. டீ இயந்திரத்தில் காலையில் வரும் முதல் டீயைக்கூடத் தாடிக்காரன் கொட்டிவிடுவான். கேட்டால், “கணக்குல இல்ல” என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை கேட்டாள். “ஏன்க்கா, உங்க ஆபீஸ்ல எல்லாரும் தூங்கிட்டேதான் வேலை செய்வீங்களா?”

“ஏன்டி?”

“உங்க சாப்ட்வேர் உள்ள போறதுக்குள்ள நாப்பது எண்ணலாம். நான் எண்ணியிருக்கேன்.”

“ரெண்டு வினாடிடி. சுவத்துலயே இருக்கு.”

“சுவத்துக்கு ரெண்டு. எனக்கு நாப்பது.”

வினாடி சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை. மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் மெமோ. கடந்த மூன்று மாதங்களில் அவள் முடித்த மாதிரிகளின் எண்ணிக்கை மற்ற டெக்னீஷியன்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மாதக் கடைசியில் பரிசீலனை. வேகம் போதாது என்று முடிவானால் ஸ்டோருக்கு மாற்றப்படுவார்.

“ஸ்டோருன்னா?”

“பஞ்சு, ஊசி, கையுறை எண்ணி எண்ணி வைக்கணும். மைக்ராஸ்கோப் கிடையாது.”

 மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களைப் பார்த்துப் பிரிப்பதில் தங்கைக்கு அப்படி ஒரு பைத்தியம். டிவி பார்க்கிற மாதிரி பார்ப்பாள் என்று அவளுடைய மாமியாரே அலுத்துக்கொண்டதுண்டு.

“மத்தவங்களுக்கும் நாப்பது ஆகுதா?”

“கேட்டேன். ‘உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷலா’ன்னு சிரிக்கிறாங்க. அவங்களுக்கு டக்குடக்குனு வருது.”

ஒரே மென்பொருள், ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு வேகம். வினாடியின் மண்டைக்குள் எறும்பு ஊர ஆரம்பித்தது.

வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ப் பார்க்க நிறுவனத்தில் ஒரு படிவம் இருந்தது. ஆறு வருடமாக யாரும் கேட்காததால் அதைத் தேடி எடுக்கவே அரைநாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை காலை அவள் ஸ்டாப்வாட்சோடு பரிசோதனைக் கூடத்தில் தங்கைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நீளமான அறை. ஒரு பக்கம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் வண்டு மாதிரி ரீங்கரித்தது. ஊதா, மஞ்சள், சிவப்பு மூடிகளோடு டியூப்கள் தட்டுத் தட்டாக நின்றன. விசைப்பலகைகளுக்குப் பிளாஸ்டிக் உறை. எழுத்துகள் தேய்ந்து போயிருந்தாலும் விரல்கள் தடுமாறவில்லை. தங்கை உட்கார்ந்தாள், தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. வினாடி ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

நாற்பத்தொன்று.

பக்கத்து இருக்கையில் இருந்த உயரமான டெக்னீஷியன் அதற்குள் ஒரு டியூபை முடித்து அடுத்ததை எடுத்திருந்தான். “மேடம், உங்க தங்கச்சிக்குக் கைராசி அப்படி” என்றான் அவன்.

வினாடி இரண்டு பேரையும் இடம் மாறி உட்காரச் சொன்னாள். தங்கை அவனுடைய கம்ப்யூட்டரில் ஒரு புது ஜன்னல் திறந்து தன் பெயரில் உள்ளே போனாள். அதே நாற்பத்தொன்று. ஆக, மெஷினில் கோளாறு இல்லை. மெதுவாயிருப்பது தங்கையோடு கூடவே வருகிறது. மெமோ சொல்வதும் அதுதானே என்று வினாடிக்குத் தோன்றியது.

பிறகு அவள் கடிகாரத்தை மூடி வைத்துவிட்டுக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். தங்கை ஒரு மாதிரியை முடித்ததும் எழுந்து இயந்திரத்துக்கோ மைக்ராஸ்கோப்புக்கோ போவாள். எழுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலால் ‘வெளியேறு’ பொத்தானைத் தட்டினாள். திரும்பி வந்தால் மறுபடி பெயர், கடவுச்சொல், வட்டம், நாற்பத்தொன்று. உயரமானவன் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. அவனுடைய திரையின் மேல்மூலையில் அவன் பெயரும் இல்லை. கூடத்தின் தலைவரான டாக்டரின் பெயர் இருந்தது. காலையில் டாக்டர் வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தன் பெயரில் திறந்துவிட்டுப் போவார். மற்றவர்கள் நாள் முழுவதும் அதிலேயே வேலை செய்து, முடிவுகளின் அடியில் மட்டும் அவரவர் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள்.

வினாடி வாயைத் திறக்கப் போனாள். தங்கை காலைப் பின்னால் நீட்டி அவள் காலை மிதித்தாள்.

படிக்கட்டில் வந்துதான் பேச முடிந்தது. “எழுந்திருக்கும்போது வெளிய வரணும்னு விதி இருக்கா?”

“இருக்கு. நோயாளிங்க விவரம் திறந்து கிடக்கக்கூடாது. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேர்லதான் போகணும். சுவத்துல போட்டிருக்கு.”

“அப்ப நீ ஒருத்திதான் விதிப்படி செய்யற.”

“என் பேரு போட்ட முடிவுல அடுத்தவங்க கை படக்கூடாது. அவ்வளவுதான்.”

“இதைச் சொன்னாலே உன் மெமோ போயிடும்டி.”

“சொன்னேன்னு வை, அப்புறம் நீ என் அக்காவே இல்ல.” தங்கை படியில் நின்றுவிட்டாள். “அவங்க கூடத்தான் நான் தினமும் உக்காரணும். அந்த உயரமானவன் எனக்கு ஜுரம் வந்தப்ப ரெண்டு நாள் என் வேலையும் சேத்துப் பாத்தான். நான் போட்டுக்குடுக்க மாட்டேன். நீயும் கூடாது.”

பஸ்ஸில் திரும்பும்போது வினாடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தங்கை ஒரு நாளில் நூற்றுப் பதினெட்டு முறை உள்ளே போகிறாள். முறைக்கு நாற்பத்தொரு வினாடி. எண்பது நிமிடம். ஏழு மணிநேர வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மெமோவில் இருந்த குறைவு முழுக்க அந்த வட்டத்துக்குள்தான் சுழன்றுகொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய அடி, அலுவலகத்து மூலையை எட்டியபோது விழுந்தது. வெளியேறும்போது மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். ரகசியம் காக்க அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதனால் தங்கை உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. அவளுக்கு இரண்டாவது ஓட்டம் என்று ஒன்று வருவதே இல்லை. அந்த முதல் ஓட்டத்தைத்தான் வினாடி பன்னிரண்டு வருடமாகக் கையால் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று மேடை அன்றைக்கே சொல்லியிருக்கிறது. எண் அழகாக இல்லை என்று அவள்தான் வாயை அடைத்தாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னபோது அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “மீட்டர் நல்லாத்தான ஓடுது?”

“நல்லாத்தான் ஓடுது.”

“அப்ப மாட்டின இடம் தப்பு. ஒழுகற இடத்தைத் தாண்டி மாட்டினா, மீட்டர் பாவம் என்ன செய்யும்?”

“அதை மாட்டினதே நான்தான்” என்றாள் அவள். அவர் அவளுக்கும் சேர்த்து டீ போடப் போனார்.

மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது. தங்கையின் பேச்சையும் காப்பாற்ற வேண்டும், அவள் வேலையையும் காப்பாற்ற வேண்டும் என்றால் முதல் ஓட்டமே வேகமாக வேண்டும். அந்த நாற்பத்தொரு வினாடியில் உள்ளே என்னதான் நடக்கிறது? பார்த்தவர் யாருமில்லை. வினாடி ஒரு சின்னக் கருவி எழுதினாள். அது மென்பொருளைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கணத்தில் எதைக் கேட்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். முதல் நாள் குறிப்பைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழ்த்தளத்து சர்வரிடம் மென்பொருள் ஒன்பதாயிரம் சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டது, அதுவும் ஒவ்வொன்றாக. ஒன்றைக் கேட்டு, அது வரும்வரை கைகட்டி நின்று, வந்ததும் அடுத்ததைக் கேட்டது. கடைக்கு ஒரு பட்டியலோடு போகாமல் உப்புக்கு ஒரு தரம், தீப்பெட்டிக்கு ஒரு தரம் என்று ஒன்பதாயிரம் தடவை படியேறி இறங்குகிற கதை. ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால், ஒரு தடவைக்கு அதில் நாலரைப் பங்குதான். கொசு கடித்த மாதிரிகூட இல்லை. ஆனால் ஒன்பதாயிரம் கொசு.

இன்னொன்றும் தெரிந்தது. முதல் திரைக்கு உண்மையில் தேவைப்பட்டது ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள்தான். மற்றவை பிறகு வந்தால் போதும்.

அதனால் கருவிக்கு இரண்டாவது வேலையும் கொடுத்தாள். முதல் ஓட்டத்தில் குறித்துக்கொண்டதைப் பட்டியலாக்கி, அடுத்த முறை யாராவது பெயரை அடிக்கத் தொடங்கியதுமே, தேவையானவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும். மீதி, ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் வந்து சேரும். மென்பொருளில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். மேடையில் மூன்று வினாடி வந்தது. தாடிக்காரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, “மந்திரம் போட்டீங்களா?” என்றான்.

தங்கையின் கூடத்தில் சோதனைக்குப் போட்டபோது இருபத்துமூன்று வந்தது.

வினாடி இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு அதுவும் அவள் செய்த கோணல் என்றே தெரிந்தது. பட்டியலைத் தன் மேசையில் தன் பெயரில் எடுத்திருந்தாள். அவள் திறக்கிற திரைகள் வேறு. ரத்த அணுக்களை எண்ணுகிறவள் திறக்கிற திரைகள் வேறு. வேறொருத்தி வீட்டுப் பட்டியலை வைத்துத் தங்கைக்குக் கடைக்குப் போயிருக்கிறாள். மறுபடி அந்த ஸ்டூலுக்குப் போய், தங்கை ஒரு காலை முழுவதும் வேலை செய்வதைக் கருவி குறித்துக்கொள்ள விட்டாள். மறுநாள் தங்கை உட்கார்ந்தாள், அடித்தாள். வட்டம் வந்து முழுதாக ஒரு சுற்றுகூடச் சரியாகச் சுற்றவில்லை.

“என்னக்கா, நின்னுபோச்சா?”

“மூணே வினாடி. திறந்திருச்சுடி, பாரு.”

தங்கை பார்த்தாள். ஒரு தரம் வெளியேறி மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். பிறகு சும்மாவே இன்னும் மூன்று தரம்.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. ஆனால் புதுக் கருவி இனி வரும் நாட்களைத்தான் சரிசெய்யும். மெமோவில் இருந்தது போன மூன்று மாதம். அதை எது சரிசெய்யும்?

மேனேஜர் அதற்குள் குஷியாகிவிட்டார். நாற்பத்தொன்று மூன்றாகியிருக்கிறது, இதைக் கண்டுபிடிப்பாகப் பதிவு செய்யலாம் என்று ஐந்து பக்கப் படிவத்தைக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு தலைப்பு: ‘இதற்கு முன்பிருந்த குறைபாடு’. வினாடி அதில் இப்படி எழுதினாள்:

‘எங்கள் அளவை மேடையில் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற விதியை நான் எழுதினேன். அதனால் விதிப்படி ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்ளே வரும் ஒருவர் நாளொன்றுக்கு எண்பது நிமிடம் காத்திருப்பது பன்னிரண்டு வருடம் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த நேரம் எங்கள் மென்பொருள் எடுத்துக்கொண்டது. அந்த ஊழியர் எடுத்துக்கொண்டதல்ல.’

கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதினாள். இரண்டாவது தங்கையினுடையது, துறை, ரத்தப் பரிசோதனை.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “உங்க தங்கச்சிக்கு ஒரு வரி கோட் தெரியுமா?”

“தெரியாது சார். ஆனா கோளாறு எங்க இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் முந்தி அவளுக்குத்தான் தெரிஞ்சது.”

“அதுக்கு நன்றின்னு கடைசியில ஒரு வரி போடலாம். பேரு போட முடியாது. அது சட்டம்.”

“சரி, அதை எடுத்துடறேன். மூணாம் பக்கத்தை எடுக்க மாட்டேன்.”

“அங்கதான் பிரச்சனையே. சுவத்துல இருக்கிற படத்தை எத்தனை ஆஸ்பத்திரிக்குக் காட்டியிருக்கோம்? ‘தொடங்கும்போது பொதுவாகத் தாமதம் ஏற்படும்’னு எழுதுங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

“அந்தப் பக்கத்தோட ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார், உங்க கையெழுத்தோட. இல்லைன்னா நான் படிவமே கொடுக்கல.”

இருபது வருடத்தில் அவள் மேனேஜரிடம் ‘இல்லைன்னா’ என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கோபப்படாமல், “அப்படி என்ன நாப்பத்தொரு வினாடி?” என்றார்.

“உக்காந்து பாருங்க.”

மேடையில் பழைய மென்பொருளைப் போட்டு, எல்லாவற்றையும் துடைத்து, ஆஸ்பத்திரி நெட்வொர்க் எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெதுவாக்கி, நாற்காலியை இழுத்துக் கொடுத்தாள். மேனேஜர் தன் பெயரை அடித்தார். வட்டம் சுற்றியது. எட்டு வினாடியில் மேசையில் தாளம் போட்டார். பதினேழில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இருபத்தைந்தில் அதை உள்ளே வைத்துவிட்டு, “மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார்.   திரை திறந்தபோது அறையே மூச்சு விட்டது.

“இது ஒரு நாளைக்கு எத்தனை தரம்?”

“நூத்திப் பதினெட்டு.”

அவர் பேனாவைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த ஒற்றைப் பக்கத்தைக் கூடத்தின் தலைவர் டாக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தங்கை டியூப் தட்டைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றாள். ‘விதிப்படி ஒவ்வொரு முறையும் வெளியேறி’ என்ற இடத்துக்கு வந்ததும் டாக்டரின் கண் தாளைவிட்டு நகர்ந்தது. உயரமானவனின் திரைக்குப் போனது. மேல்மூலையில் அவருடைய பெயரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உயரமானவன் மும்முரமாக மூடிகளை எண்ண ஆரம்பித்தான்.

டாக்டர் தாளை மடித்தார். “இது என்கிட்டயே இருக்கட்டும்” என்றார். பிறகு தங்கையைப் பார்க்காமலே, “மெமோவைப் பத்தி நான் நிர்வாகத்துல பேசிக்கறேன். நீ போய் அந்த ஸ்லைடைப் பாரு” என்றார்.

திங்கட்கிழமை ஒரே வரியில் மெமோ திரும்பப் பெறப்பட்டது. அன்றிலிருந்து டாக்டர் யாருக்கும் திறந்துவிடவில்லை. அவரவர் பெயரில் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். மூன்று வினாடிதானே, யாரும் முணுமுணுக்கவில்லை.

அலுவலகத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாள் இப்போது இல்லை. பழைய வரைபடம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று தொங்குகிறது, ‘முதல் ஓட்டம்’ என்ற தலைப்போடு. அதில் இரண்டே புள்ளி. தாடிக்காரன் மட்டும் முதல் டீயை இன்னும் கொட்டுகிறான். அது வாய்க்கு வழங்கவில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் தங்கை ஒரு தலையணை உறையை உதறினாள்.

“அக்கா, அந்த மூணு வினாடி.”

“அதுக்கென்ன?”

“அந்த மூணுல உள்ள என்ன நடக்குது?”

வினாடி மடிப்பதை நிறுத்தினாள். அவளுக்குத் தெரியவில்லை. “நாளைக்கு உனக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட்?” என்று கேட்டாள்.